டெயிலர் வம்சம்

ஐரோப்பாக் கண்டத்திலேயே ஊசியில் நூல் கோக்கத் தெரியாத ஒரே டெயிலர் எங்கள் டெயிலர் அண்ணைதான். ஒரு பொத்தான் கழன்றால் சட்டையையே மாற்றிவிடுவார். ஆனால் சுவிஸ் அரசாங்கத்தின் பதிவேடுகளில் அவருடைய குடும்பப்பெயர் டெயிலர். இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு இருக்கிற அதே பெயர், அதே எழுத்துக்கூட்டல். அதற்குக் காரணம் நான். முப்பது வருடமாக அவர் வாயால் இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இன்றைக்கு நானே சொல்லித் தொலைக்கிறேன்.

அகதி முகாமுக்கு அவரைவிட மூன்று கிழமை, சரியாக இருபத்தொரு நாள், முன்னதாக வந்தவன் நான். ஆகவே எனக்கு மூன்று கிழமை ஜெர்மன் தெரியும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பதிவுப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலடிக்கு வந்தார்.

"தம்பி, இதில நாமே எண்டு ஒரு பெட்டி, ஃபோர்நாமே எண்டு ஒரு பெட்டி. எதில என்ன எழுதுறது?"

நாமே என்றால் குடும்பப்பெயர், ஃபோர்நாமே என்றால் சொந்தப்பெயர். அது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

"ஃபோர்நாமேயில செல்வராசா எண்டு எழுதுங்கோ. நாமே எண்டா, ஊரில உங்களை என்னெண்டு சொல்லுறவை?"

"டெயிலற்ற மகன்."

"அப்ப டெயிலர் எண்டு எழுதுங்கோ."

தையல்காரராக இருந்தவர் அவருடைய தகப்பனார். 'மகன்' என்பதற்குப் பெட்டியில் இடம் போதவில்லை. மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த அம்மணி, அண்ணை எழுதிய ஆங்கில 'ஐ'யை வெட்டி 'வை' ஆக்கினார். இங்கிலாந்துக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்பது அவருடைய பொது அறிவு. வேலியால் போன ஓணானைப் பிடித்து நான் மடியில் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அண்ணையின் முதல் தொலைபேசி சூக் நகரத்திலிருந்து வந்தது. வாடகைக்கு வீடு கேட்டு எழுதியிருந்தார். டெயிலர் என்ற பெயரைக் கண்டதும் வீட்டுக்காரர் உடனே வரச் சொல்லியிருக்கிறார். போனால் கதவைத் திறந்து, இவருக்குக் கைகொடுத்துவிட்டு, இவருடைய தோளுக்கு மேலால் படிக்கட்டை எட்டிப் பார்த்தாராம்.

"மிஸ்டர் டெயிலர் கார் நிப்பாட்டப் போயிட்டாரோ எண்டு என்னட்டையே கேக்கிறான். எல்லாம் உன்னாலதான் தம்பி!"

அட்லிஸ்வில் முருகன் கோயிலில் வேறு வில்லங்கம். பெயரைக் கேள்விப்பட்ட சனம் இவரைத் தேடி வரத் தொடங்கியது.

"ஒரு அக்கா பிளவுஸ் துணியோட அளவுச் சட்டையும் கொண்டந்து தாறா. பூசை நடக்குது, நான் கையில பிளவுஸோட நிக்கிறன். எல்லாம் உன்னாலதான்!"

காய்ச்சல் வந்தாலும் கோப்பை உடைந்தாலும் இதே வசனம்தான். நானும் ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

பிறகு அவர் துப்புரவு வேலை செய்த கந்தோருக்கு இங்கிலாந்திலிருந்து அசல் டெயிலர் ஒருவர் மேலாளராக வந்தார். டிசம்பர் கடைசியில் நத்தார் விருந்துக்கு அவருக்குப் போகவேண்டிய அழைப்பு இவருடைய தபால்பெட்டியில் விழுந்தது. இவர் கோட்டுசூட்டுப் போட்டுக்கொண்டு மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போதாக்குறைக்கு அந்த மனிதரிடம், "உங்கட தகப்பனும் டெயிலரோ?" என்று விசாரித்திருக்கிறார். மறுநாள் காலை எனக்கு முழு அறிக்கை வந்தது.

"சாப்பாடு பறவாயில்லை, உறைப்புக் காணாது. இதைக் கேள். அவற்ற பரம்பரையில எப்பவோ ஒரு கிழவன் தையல்காரனாம். நீ என்ன தொழில் எண்டு கேட்டு, அதையே ஆரோ பேரா எழுதிப்போட்டானாம். டெயிலர் எண்ட சொல்லு வந்தது பிரெஞ்சுக்காரரிட்டையிருந்தாம். வெட்டுறவன் எண்டு கருத்தாம்."

"பாத்தியளே அண்ணை, அவைக்கும் இப்பிடித்தான்" என்றேன், முதல்முறையாகக் கொஞ்சம் மூச்சு விட்டு.

"ஓம், அங்கையும் உன்னைப்போல ஒருத்தன் பக்கத்தில நிண்டிருப்பான்."

இதற்கிடையில் பெயர் தன்பாட்டுக்குப் பரவிக்கொண்டிருந்தது. முதலில் அவருடைய மனைவி, பிறகு மூன்று பிள்ளைகள், பிறகு மருமகள். மூத்த மகள் பேர்ண் நகரத்தில் உர்ஸ் ஷ்னைடர் என்ற பையனைக் கட்டினாள். அவன் தன்னுடைய பெயரை விட்டு அவளுடைய பெயரை எடுத்துக்கொண்டான். ஷ்னைடர் என்றாலும் ஜெர்மனில் தையல்காரர்தான்.

"அவன் என்ன, சட்டையை மறுபக்கம் திருப்பிப் போட்டிருக்கிறான்" என்றார் அண்ணை. பேரப்பிள்ளைகளோடு சேர்த்து இப்போது ஒன்பது டெயிலர்கள். ஒருவருக்கும் கிழிசல் தைக்கத் தெரியாது.

போன வருடம் ஓய்வு பெற்றதும் என்னிடம் வந்தார். வழமையான சத்தம் இல்லை.

"தம்பி, சாகேக்கையெண்டாலும் அப்பாவின்ர பேர் என்னோட இருக்கவேணும். மரண அறிவித்தலில வைத்திலிங்கம் செல்வராசா எண்டு வரோணும். டெயிலர் எண்டு போட்டா ஆரோ வெள்ளைக்காரன் செத்துப்போனான் எண்டு சனம் பக்கத்தைத் திருப்பிப்போடும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பிழை என்னுடையது, நானே திருத்திக் கொடுக்கிறேன் என்று இறங்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்து பிறப்புச் சாட்சிப்பத்திரம் வந்தது. அதில் முத்திரை தெளிவில்லை என்றார்கள். தெளிவாக வந்தபோது மொழிபெயர்ப்புப் பழசாகிவிட்டது என்றார்கள். எட்டு மாதம் நாயாய் அலைந்தேன்.

கடைசியில் பதிவு அலுவலகத்தில் ஓர் இளம்பெண் முன்னால் இருவரும் இருந்தோம். பக்கத்திலிருந்து மொழிபெயர்ப்பது என் வேலை. முதலில் இந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்று கேட்டாள். அதை அண்ணைக்கு மொழிபெயர்த்தேன்.

"நானாத்தான் பிழையா எழுதினன் எண்டு சொல்லு" என்றார் அண்ணை.

திரும்பி அவரைப் பார்த்தேன்.

"என்ன முழிக்கிறாய்? சொல்லு. நீ எழுதச் சொன்னதை நான் வீட்டிலயே ஒருத்தருக்கும் சொன்னதில்லை, இவளுக்கோ சொல்லப்போறன்?"

சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டு, கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினாள். மாறப்போவது இவருடைய பெயர் மட்டும்தான், வளர்ந்த பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் டெயிலர்தான் இருக்கும் என்றும் விளக்கினாள். அதையும் மொழிபெயர்த்தேன். அண்ணையின் பேனா அந்தரத்தில் நின்றது.

"பேரப்பிள்ளையளுக்கும் டெயிலர்தானோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப அறிவித்தலில நான் வைத்திலிங்கம், எனக்குக் கீழ எல்லாம் டெயிலர். இதுகள் ஆற்ற பிள்ளையள் எண்டு சனம் கேக்குமே!" பேனாவை மேசையில் வைத்தார். "எல்லாரும் அங்கால நிக்க, நான் மட்டும் தனியப் போறதோ? அப்பா ஒண்டும் நினைக்கமாட்டார். அவற்ற தொழில்தானே இது. வேண்டாமெண்டு சொல்லு."

"அண்ணை, எட்டு மாசம்!"

"உன்னை ஆர் இவ்வளவு அலையச் சொன்னது?"

எனக்குக் கோபப்படவும் தெம்பில்லை. வேண்டாமாம் என்றேன். அந்தப் பெண் கோப்பை மூடிவிட்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள், "நீங்களும் டெயிலர் குடும்பம்தானா?"

இல்லை என்று சொல்லுமளவுக்கு எனக்கு இப்போது நல்ல ஜெர்மன் தெரியும்.

"ஆமாம்," என்றேன், "இவர் என் அண்ணன்."