சீனக் கடையில் இரண்டாவது சோறு

ஆலங்குளத்தில் கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கும் என் பிரியமான ஞானரத்தினம் பெரியம்மாவுக்கு, ராஜபாளையத்திலிருந்து எப்சி பணிவோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பெரியம்மா, பெரியப்பா என்னைக் கூட்டிப்போன சீனக் கடையில் நான் முதலில் பார்த்தது எலுமிச்சம்பழத்தை. பெயர்ப்பலகையில் ஒரு டிராகன் வாயால் நெருப்புக் கக்கிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் திருஷ்டிக்காக எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஊர்க் கண்ணுக்கே பயப்படுகிற டிராகனை நம்பி உள்ளே போயிருக்கவே கூடாது. இதைப் போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், பக்கத்திலிருந்து பெரியப்பாவும் கேட்பார். அதனால்தான் கடிதம்.

ஒன்பதாம் வகுப்போடு நின்ற நான், தனித்தேர்வராகப் பத்தாவது எழுத விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் அன்றைக்குத்தான். பேண்டேஜ் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினேன். நான் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டேன் என்று பெரியப்பாவைத் துணைக்கு அனுப்பினீர்கள். விண்ணப்பம் வாங்கும் ஆபீஸில் ஒரே கூட்டம். டோக்கன் கொடுத்து, "ரெண்டரைக்குப் பேரு கூப்பிடுவோம். ஆள் இல்லைன்னா அடுத்த தடவைதான்" என்றார்கள். அப்போது மணி ஒன்று. பெரியப்பா என் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மலிவாவும் இருக்கணும், வயிறும் நெறயணும்" என்று சொல்லி, ஒரு ஹோட்டலில் கூட்டம் என்றும் இன்னொன்றில் சாம்பார் வாசனை சரியில்லை என்றும் தெருத்தெருவாகச் சுற்றி, கடைசியில் எழுபது ரூபாய்க்கு மதியச் சாப்பாடு என்று எழுதியிருந்த அந்தச் சீனக் கடையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். நாலே மேசை. சிவப்பு, பச்சை, கறுப்பு என்று மூன்று சாஸ் பாட்டில்கள், மூன்றும் கையில் ஒட்டின. வந்த சோறு, வீட்டில் மிஞ்சியதைக் கேரட் போட்டுக் கிளறியது மாதிரி இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த நூடுல்ஸ், சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி கிடந்தது.

பெரியப்பா ஜெபம் பண்ண ஆரம்பித்தார். உங்களுக்குத் தெரியாததா? சீன தேசத்து ஜனங்களுக்காக, அங்கே போன மிஷனெரிகளுக்காக, அவர்கள் பிள்ளைகளுக்காக என்று நீண்டுகொண்டே போனது. கடைக்காரர் சிவபாண்டி பயந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கைகட்டி நின்றார். ஆமென் சொன்னதும் மெதுவாக, "ஐயா, மாஸ்டர் சீனாக்காரரு இல்ல, பிளவக்கல் பக்கம்" என்றார்.

"அவிய நாட்டுச் சாப்பாடுதானப்பா?" என்று சொல்லிவிட்டு, என் பெரியப்பா தன் தட்டை மூன்று நிமிடத்தில் காலி செய்து, சர்ச் விருந்தில் அசனப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி கையை நீட்டினார்.

"தம்பி, சோறு!"

"ஐயா, இது ஒரு பிளேட்டுதான். மறுசோறு கிடையாது."

"சாப்பாடுன்னு போர்டு வச்சிருக்க. மறுசோறு இல்லைன்னா அது என்னப்பா சாப்பாடு? ரசமாவது உண்டா?"

"சூப்பு இருக்கு. அதுக்குத் தனிக் காசு."

"ரசத்துக்குக் காசா! ஏட்டி எப்சி, கேட்டியா அநியாயத்த? எம்புட்டு நேரமானாலும் சரி, சோறு வராம நான் எந்திரிக்க மாட்டேன்."

மணி இரண்டு இருபது. என் ஃபைல் அவர் தொடைக்கடியில் இருந்தது. "பெரியப்பா, நேரமாச்சு" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அவர் சிவபாண்டிக்கு, இயேசு கையில் ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்குப் பெருகின கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். நான் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. என் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். சோற்றைப் பார்த்ததும் முன்னால் குனிந்தாரே, அந்த நேரத்தில் ஃபைலை உருவிக்கொண்டு ஓடிவிட்டேன்.

நான் உள்ளே நுழையும்போது என் பெயரை இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "துணைக்கு ஆரும் வரலியாம்மா?" என்று கேட்டார் விண்ணப்பம் வாங்குகிற அம்மா. "இல்ல மேடம், நான் மட்டுந்தான்" என்றேன். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள்.

ஆகையால் பெரியம்மா, பரீட்சைக்குப் பெரியப்பாவைத் துணைக்கு அனுப்ப வேண்டாம். அவரை அனுப்பினால் கேள்வித்தாளுக்கே ஜெபம் பண்ணுவார், மணி அடித்துவிடும். அந்தக் கடைப் பக்கம் நான் இனித் தலைவைத்தும் படுக்கமாட்டேன். உங்கள் முழங்காலுக்கும் உங்கள் பொறுமைக்கும் கர்த்தர் பெலன் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் மகள் எப்சி

பின்குறிப்பு: பெரியப்பாவைக் கூப்பிடத் திரும்பிப் போனேன். மேசையிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். நான் எழுப்பவில்லை. பசித்தது. "அண்ணே, ஒரு முட்டை நூடுல்ஸ்" என்று நானே கேட்டு வாங்கினேன். அந்தக் கடைச் சாப்பாட்டைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் வாயில் வைப்பதற்கு முன்னால் நினைத்தது. வயிறும் நிறைந்தது, காசும் மிச்சம். நேற்று ஆராதனை முடிந்ததும் அதே நூடுல்ஸுக்காக ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனியாகப் பஸ் ஏறினேன்.