இன்ட்லோ பம்பு

சனிக்கிழமை கேசியாவை வீட்டுக்கு வரவழைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். கேசியா என் மனைவி. சொந்த மனைவியை வரவழைக்க ஒருவன் திட்டம் போடவேண்டியிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் எம்.பி.ஏ.

நான் சித்தூரில் மாம்பழக்கூழ் ஆலையில் டிஸ்பேட்ச் பார்க்கிறேன். அவள் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். முதல் வருஷம் சனிக்கிழமையானால் வந்துவிடுவாள். இரண்டாம் வருஷம் சிறப்புப் பாடமாக ஐ.டி. எடுக்கப் போவதாகச் சொன்னாள்.

"ஏன்டி?" என்றேன்.

"ஆமா, ஐ.டி.தான்" என்றாள், நான் கேட்டதும் அதுவே என்று நினைத்து.

என் அபிப்பிராயம் கேட்கப்பட்டது அவ்வளவுதான். அன்றிலிருந்து சனிக்கிழமைகளெல்லாம் குரூப் ப்ராஜெக்ட்டுக்குப் போய்விட்டன.

சீசன் முடிந்து ஆலையிலும் கூட்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் "சிஸ்டர் வரலையா?" என்று கேட்பவர்களிடம் "வரல" என்று சொல்வதுதான் வாரத்திலேயே நான் பேசும் நீளமான பேச்சு. சாப்பிட உட்காரும்போது பழக்கதோஷத்தில் அவள் தட்டையும் எடுத்து வைத்துவிடுகிறேன். பிறகு அதைக் கழுவாமலே திரும்ப அடுக்குகிறேன். தனியாக இருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆகவே, பாம்பு. வீட்டில் பாம்பு என்றால் எந்த மனைவியும் அடித்துப் பிடித்து ஓடிவருவாள் என்று கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை அவளுக்குச் செய்தி அனுப்பப் போனை எடுத்தேன். ஆலை வேலைக்காக அதில் தெலுங்கு வைத்திருக்கிறேன். பேசினால் அதுவே தெலுங்கில் எழுதிக்கொள்ளும்; தமிழ் அதற்குத் தெரியாது. "இன்ட்லோ" என்று ஒழுங்காகத் தெலுங்கில்தான் ஆரம்பித்தேன். பொய் சொல்லும் படபடப்பில் தெலுங்குப் 'பாமு' வரவில்லை, தமிழ்ப் பாம்பு வந்துவிட்டது. போன் தனக்குத் தெரிந்த தெலுங்கில் 'இன்ட்லோ பம்பு' என்று எழுதி அனுப்பிவிட்டது. வீட்டில் பம்பு. நான் கவனிக்கவில்லை.

சற்று நேரத்தில் மோட்டார் மெக்கானிக் ஹரிபாபு வாசலில் நின்றார். மேடம் போன் செய்தாராம், பம்பு ரிப்பேராம். சுவிட்சைப் போட்டார். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"மோட்டார் பாகானே உந்தி சார். நல்லா ஓடுது. உங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கேசியாவுக்குப் போன் போட்டேன். பம்பு இல்லை, பாம்பு என்றேன். எங்கே என்றாள். பிரிட்ஜுக்குப் பின்னால் என்றேன்.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"பிரிட்ஜ் பக்கத்துலதான்."

"பல்லி வுழுந்தாலே பக்கத்து வூட்டுக்கு ஓடுற ஆளு, பாம்பு பக்கத்துல நின்னுக்கினு போன் பேசுறீங்களா?"

அவள் கோபப்படவில்லை. யூசர் வாயால் கேட்பது ஒன்று, அவனுக்கு வேண்டியது வேறொன்று, அதைத் தோண்டி எடுப்பதுதான் ஐ.டி.யில் முதல் வேலை என்று போன வாரம் வகுப்பில் சொன்னார்களாம்.

"இப்ப சொல்லுங்க. உங்களுக்கு இன்னா வேணும்?"

"நீ இல்லாம வூடு வூடாவே இல்ல, கேசியா."

நாளைக்கு வருகிறேன் என்றாள். குரல் கம்மியிருந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை வீட்டைக் கழுவினேன். இரண்டு பேருக்குக் கறி வாங்கி மசாலா தடவி வைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னதாகவே போய் நின்றேன். திருப்பதி பஸ்ஸிலிருந்து கேசியா இறங்கினாள். அவள் பின்னாலேயே லேப்டாப் பைகளோடு அவளுடைய ப்ராஜெக்ட் குழு முழுவதும் இறங்கியது.

"வூட்ல பாம்புன்னு சொன்னேன். தனியா போவாதேன்னு எல்லாரும் கூடவே வந்துட்டாங்க" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

இரண்டு பேருக்கு வாங்கிய கறி எல்லோருக்கும் பங்கு போனதில் எனக்கு எலும்பு மிஞ்சியது. ஹாலில் ஒரே பேச்சு, சிரிப்பு, சார்ஜர் வயர். நான் சமையலறையில் டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். யாருமே இல்லாத நாட்களில்கூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

அப்போது கேசியா மட்டும் உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். என் தோளில் கை வைத்தாள். இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது.

"இன்னாங்க," என்றாள் மெதுவாக, "பம்பு போடுங்க. எல்லாரும் குளிக்கணும்."