உஷ் பாயும் நசுங்காத எலுமிச்சம்பழமும்

மயிலாப்பூர்க்காரர்களைப் பேசாமல் இருக்க வைத்தவர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். எங்கள் தெருக்கோடி மெக்கானிக், உஷ் பாய்.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, "பாய், என்னமோ சத்தம் வருது..." என்று ஆரம்பிப்பீர்கள். "உஷ்!" என்பார். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மேலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக் கண்ணை மூடிவிடுவார். டாக்டரோ வக்கீலோ, கைகட்டி நிற்க வேண்டியதுதான். ஒருமுறை மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் வந்தபோது நடுத்தெருவுக்கு ஓடி, நாதஸ்வரக்காரரையே "உஷ்!" என்றார். அவரும் பயந்துபோய் நிறுத்திவிட்டார். பாய் காது வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங்கு பூட்ச்சு. நீ வாசி நைனா" என்று வழிவிட்டார்.

அப்படிப்பட்டவர் உஷ் சொல்லாத ஒரே ஆள் என் மனைவி வசந்தா. அடையாறில் பாட்டு வகுப்பு நடத்துகிறவள். அவளை உஷ் சொல்லும் தைரியம் எனக்கும் இன்றுவரை வந்ததில்லை.

போன வருஷம் எங்கள் பழைய காருக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டி வந்தது. பல் வைத்த ரப்பர் பட்டை அது. பல் மாறி மாட்டிவிட்டால் இன்ஜினுக்குள் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். அதனால் பெல்ட் மாட்டியவுடன் சாவி போடவிட மாட்டார் பாய். ஸ்பேனரைப் பிடித்து இன்ஜினைக் கையாலேயே மெல்லச் சுற்றிக் காது கொடுத்துக் கேட்பார். எங்கும் இடிக்கவில்லை என்றால்தான் சாவி.

அன்று வெள்ளிக்கிழமை. வசந்தா முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாய், ராகுகாலம் வந்துடும். சட்டுனு ஸ்டார்ட் பண்ணுங்கோ."

"தோ ஆச்சும்மா. கையால ஒரு சுத்து சுத்திக்கினு..."

"அதெல்லாம் அப்புறம் சுத்திக்கலாம். நாழியாறது பாய்!"

பாய் உதட்டைக் குவித்தார். உஷ் வரவில்லை. "சாவி போடு சார்" என்றார்.

போட்டேன். பாத்திரக்கடை சரிந்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் எதுவுமே இல்லை. எலுமிச்சம்பழம் மட்டும் நசுங்காமல் முழுசாக இருந்தது.

"வால்வெல்லாம் வளைஞ்சு பூட்ச்சு சார். பல்லு மாத்தி மாட்டிக்கீறேன். தப்பு என்னுது" என்றார் பாய்.

"நான் அவசரப்படுத்தினதாலதானே?" என்றாள் வசந்தா.

"பெல்ட்டு நீங்க மாட்டலியேம்மா."

இன்ஜினைப் பிரித்துப்போட்டு வேலையை ஆரம்பித்தார். வேலை முடியும்வரை தினமும் தன் ஓட்டை வேனில் வசந்தாவை அடையாறுக்குக் கொண்டுபோய் விட்டார். ஆனால் உஷ் சொல்வதை நிறுத்திவிட்டார். ஸ்க்ரூடிரைவர் ஆணியில் தொங்கியது. வந்தவர்கள் எல்லாம் இஷ்டத்துக்குப் பேசினார்கள். வியாதியையும் சொல்லி வைத்தியத்தையும் சொன்னார்கள். பாய் தலையாட்டிக்கொண்டு கேட்டார்.

"இன்னா பாய், காது வச்சுப் பாக்கலியா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இந்தக் காத நம்பி இன்னா பிரயோஜனம்?" என்றார்.

அதை வீட்டில் சொன்னேன். வசந்தா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

வண்டி தயாராகிவிட்டது என்று பாய் சொல்லியனுப்பியதும் வசந்தா முன்னால் கிளம்பினாள். பெல்ட் மாட்டி முடிந்திருந்தது. ராகுகாலம் ஜோராக நடந்துகொண்டிருந்தது.

"வசந்தா, ராகுகா..." என்று ஆரம்பித்தேன்.

"உஷ்!" என்றாள்.

ஆணியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பாயிடம் நீட்டினாள். "உங்க காதுல ஒரு தப்பும் இல்லை பாய். நான்தான் கேக்கவிடலை. நிதானமா சுத்திப் பாருங்கோ. ராகு காத்துண்டிருக்கட்டும்."

பாய் ஸ்பேனரால் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். பிறகு சாவியைக் காட்டித் தலையசைத்தார். போட்டேன். இன்ஜின் சமர்த்தாக ஓட ஆரம்பித்தது. ஸ்க்ரூடிரைவர் காதுக்குப் போனது, கண் மூடியது, முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"பாய், பிரமாதம்!" என்றேன்.

"உஷ்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

இப்போதெல்லாம் வண்டியில் லேசாக ஏதாவது சத்தம் கேட்டால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பாயிடம் போய்க் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்கலாமே.