‘எந்த ஊர்’ டாக்டர்

திருவண்ணாமலைக்கு இதுவரை வந்த சாமியார்களை எல்லாம் சல்லடை போட்டுச் சலித்தாலும், எங்கள் டாக்டர் மாதிரி ஒரு விசித்திரப் பிறவி தேறாது. அவர்கள் சாமியோடு பேசுவார்கள். இவர் செல்களோடு பேசுவார்.

செங்கம் ரோட்டில் அவருடைய லேப். நான் அங்கே ரிப்போர்ட் டைப் அடிப்பவள். நோயாளியின் சதைத் துணுக்கு கண்ணாடி ஸ்லைடில் ஏறியதும், மைக்ராஸ்கோப்பில் குனிந்து விசாரணையை ஆரம்பிப்பார்.

“எந்த ஊருய்யா நீ? இங்கயே பொறந்தவனா, வெளியூர்லேர்ந்து வந்து தங்கிட்டியா?”

கல்லீரல் கட்டி என்றால் விசாரணை ஜாஸ்தியாகும். புற்று அங்கேயே முளைத்ததா, வேறு இடத்திலிருந்து பரவி வந்ததா என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியமே. பௌர்ணமிக்கு முந்தின நாள் ரிப்போர்ட் வாங்க வந்த லாட்ஜ் மேனேஜர் ஒருவர் இந்தக் குரலைக் கேட்டுவிட்டு, “ஏம்மா, டாக்டரும் ரூம் வாடகைக்கு உடறாரா?” என்றார். அன்றிலிருந்து ஊருக்கே அவர் ‘எந்த ஊர்’ டாக்டர்.

அவசரப்படுத்தினால் தொலைந்தோம். “இன்னுமா சார் முடியல?” என்று போனில் கேட்ட சர்ஜனிடம், “அவன் இன்னும் வாயத் தொறக்கலீங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒருநாள் நானே ஒரு ஸ்லைடை நீட்டினேன். அடி அண்ணாமலையில் செல்போன் கடை வைத்திருக்கும் என் தம்பியுடையது. கல்லீரலுக்கு எங்கிருந்தோ பரவிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை என்று வேறோர் இடத்தில் கைவிரித்திருந்தார்கள்.

டாக்டர் குனிந்தார். ‘எந்த ஊருய்யா’ என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

“பின்னாடி நின்னு பெருமூச்சு உடாதம்மா. போய் வடை வாங்கினு வா.”

வாங்கி வந்த வடை ஆறி அவலாயிற்று. சென்னைக்கு அனுப்பி, செல்லை அடையாளம் காட்டும் வேறு சாயங்களும் போட்டுப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க என் முகத்தைப் பார்ப்பதையே தவிர்த்தார். பிறகு கூப்பிட்டார்.

“செல்லு பெருசு பெருசா இருக்கும்மா, நடுவுல பட்டை பட்டையா நாரு. சின்ன வயசுக்காரங்களுக்கு எப்பவோ அபூர்வமா வர்ற வகை. இவன் வெளியூரே இல்ல, உள்ளூருதான். ஸ்கேன்லயும் ஒரே எடத்துலதான் இருக்கு. வெட்டி எடுத்துடலாம்னு சர்ஜன்கிட்ட பேசிட்டேன்.”

ரிப்போர்ட் அடிக்க உட்கார்ந்தேன். ஒரு எழுத்துகூட அடிக்க வரவில்லை. “நகரும்மா” என்று என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் அவரே தட்டினார். ஒரு பக்கம் முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

போன மாதம் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. உறவுக்கெல்லாம் போன் செய்து முடித்த பிறகும், யாரோ விட்டுப்போன மாதிரியே இருந்தது. டாக்டர் இறந்து ஒரு வருஷமாகிறது. இருந்திருந்தால், குழந்தையை முதலில் அவர் கையில்தான் கொடுத்திருப்பேன்.