கயிற்றை விடுகிற கர்ட்டன் மாமா

பிள்ளைகளே, நடனம் ஆட உதவியவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். நடனத்தை நிறுத்துவதற்கென்றே பிறந்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் கொச்சி மட்டாஞ்சேரி கர்ட்டன் மாமா.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது. சாயாக்கடையில் கூப்பிடுவதும் கர்ட்டன், கல்யாணப் பத்திரிகையில் எழுதுவதும் கர்ட்டன். பகலில் யூதர் தெரு என்கிற ஜூ டவுன் கோடவுனில் மிளகு மூட்டைகளின் வாயைத் தைப்பது அவர் வேலை. வருஷத்தில் ஒரே ஒரு சாயங்காலம் சுமதி டீச்சரின் டான்ஸ் ஸ்கூல் ஆண்டு விழாவில் திரைக்கயிறு பிடிப்பார். அந்தச் சிவப்புத் திரையை அவரேதான் தைத்தார், அதுவும் கோணி ஊசியால். ஒவ்வொரு தையலும் ஒரு விரல் நீளம். இடைவெளி வழியாக உள்ளே நிற்கும் பிள்ளைகளின் மூக்கு வெளியே தெரியும்.

முகம் எப்போதும் துக்க வீட்டுக்கு வந்தவருடைய முகம். அவர் சிரித்துப் பார்த்தவர் எங்கள் தெருவில் இல்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மேடையில் ஒரு பிள்ளை தடுமாறினால் போதும், கயிற்றை விட்டுவிடுவார். தொப்பென்று திரை விழும். அடவு மறந்தால் திரை. உதடு பிதுங்கினால் திரை. ஒரு குட்டி மயில் மூக்கைத் தோண்டியதற்கும் திரை.

பட்டாம்பூச்சி நடனத்தன்று ஒரு அப்பா ஆவேசமாக மேடைக்குப் பின்னால் ஓடினார்.

"எந்தா மாமா இது? என் மோள் பறக்கவே ஆரம்பிக்கலை, அதுக்குள்ள மூடிட்டீங்க!"

"அழுகை வந்துது."

"சின்னப் பிள்ளை அழும். அதுக்கு?"

"அழறதைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுத்தியா?"

ஒரு வருஷம் ஹால் கிடைக்காமல், காலியாக இருந்த ஒரு சுக்குக் கோடவுனில் விழா வைத்தோம். கூட்டிக் கழுவித் தோரணமும் கட்டியாகிவிட்டது. பலகைத் தரையின் இடுக்கில் பல வருஷத்துச் சுக்குப்பொடி உறங்கிக்கொண்டிருந்ததை யாரும் யோசிக்கவில்லை. முதல் நடனத்தில் பெண்கள் வரிசையாகக் காலை ஓங்கித் தட்டினார்கள். பொடி எழுந்தது. மூன்றாவது தட்டில் கண்ணன் தும்மினான். பிறகு ராதை. பிறகு கோபிகைகள் எல்லாரும், தாளம் தப்பாமல். நட்டுவாங்கம் சொன்ன சுமதி டீச்சரும் "தை" சொல்லிவிட்டு அடுத்த "தை"க்குப் பதிலாகத் தும்மினார். திரை விழுந்தது. கர்ட்டன் மாமா திரைக்கு முன்னால் வந்து நின்று, தும்மிக்கொண்டிருந்த சபையிடம் சொன்னார்:

"கழிஞ்சு, முடிஞ்சுது. எல்லாரும் வீட்டுக்குப் போய் மூக்கைக் கழுவுங்கோ."

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். இனிமேல் எழுதப்போவது சிரிப்பு இல்லை.

என் மகள் மீனுவுக்குப் பத்து வயதில் வலிப்பு வந்தது. மூளைக்குள் ஓடுகிற மின்சாரம் கொஞ்ச நேரம் தாறுமாறாகும். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். பிறகு நின்றுவிடும். அது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை, பேயும் இல்லை. ஆனால் பள்ளியில் ஒருமுறை வந்தபோது பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். மறுநாள் ஒருவன் அதேபோல் இழுத்துக் காட்டினான். அன்றிலிருந்து மீனு பேசுவது குறைந்தது. டான்ஸ் ஒன்றைத்தான் விடவில்லை. அந்த வருஷம் தனியாக ஒரு நடனம் வேண்டுமென்று டீச்சரிடம் அவளே கேட்டாள். டாக்டர் ஆடலாம் என்றார்.

பெற்றோர் கமிட்டிக்குத் தலைவர் சேகரன். புதுக் கார் வாங்கியவர், அதனால் எல்லாரையும்விட உரக்கப் பேசுவார்.

"அந்தக் குட்டி பின் வரிசையில நிக்கட்டுமே டீச்சரே. தனியா ஆடி, மேடையில எதாவது ஆச்சுன்னா? எல்லார் கையிலயும் போன் இருக்கு."

"மீனு தனியாத்தான் ஆடும்," என்றார் டீச்சர். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தக் கோபத்தை சேகரன் கர்ட்டன் மாமாவின் மேல் திருப்பினார். "இந்த மனுஷனோட மல்லுக்கட்டித் தோத்துப்போச்சு! பாதி டான்ஸ்கூட யாரும் கண்டதில்லை. இந்தத் தடவை மோட்டார் கர்ட்டன். ரிமோட் என் கையில." அவரே இடப்பள்ளிக்குப் போய் வாடகைக்கு எடுத்து வந்தார்.

நான் கோடவுனுக்குப் போய் மாமாவைப் பார்த்தேன். மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க கயிறு பிடிச்சா எனக்குப் பயம் இருந்திருக்காது."

"கயிறு போச்சே."

"அவ விழுந்தா எல்லாரும் பார்ப்பாங்க. அதுக்கப்புறம் அவ வீட்டை விட்டே இறங்க மாட்டா."

அவர் ஊசியைக் கடித்து இழுத்தார். "ஆடட்டும். நான் முன்னால உக்காந்துக்கறேன்."

விழா நாளில் முதல் வரிசையின் ஓரத்தில் கர்ட்டன் மாமா வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். கயிறு இல்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைக்கு அடியில் வைத்திருந்தார். மீனு வந்தாள். நன்றாகவே ஆடினாள். நான் மூச்சுவிட ஆரம்பித்த நேரத்தில் அவள் ஒரு பக்கமாகப் பார்த்தபடி நின்றுவிட்டாள். கை பாதியில் நின்றது. எனக்குத் தெரிந்துவிட்டது. விழுந்தாள். சலங்கை பலகையில் தடதடவென்று அடித்தது.

சேகரன் எழுந்து ரிமோட்டை நீட்டி அமுக்கினார். திரை அசையவில்லை. மறுபடி அமுக்கினார். வெளியே தெருவில் அவருடைய புதுக் கார் கீக் கீக் என்றது. பாவம், பதற்றத்தில் கார் சாவியை எடுத்து அமுக்கிக்கொண்டிருந்தார். ரிமோட்டை எங்கே வைத்தோமென்று அவருக்கே தெரியவில்லை. சபையில் போன்கள் ஒவ்வொன்றாக மேலே எழுந்தன.

அப்போது கர்ட்டன் மாமா மேடையில் இருந்தார். எப்படி ஏறினார் என்று நான் பார்க்கவில்லை. மீனுவுக்கு முன்னால் நின்று இடுப்பு வேட்டியை ஒரே இழுப்பில் அவிழ்த்தார். இரண்டு கைகளையும் அகல விரித்து அதைத் திரையாகப் பிடித்தார், தலைக்கு மேல் தூக்காமல், தன் முதுகுக்குப் பின்னால், தரை தொட. சபைக்குத் தெரிந்தது அவர் மட்டும்தான். முழங்கால் வரை தொளதொளத்த நீலக்கோடு போட்ட டிரவுசர், அதற்குக் கீழே இரண்டு ஒல்லிக் கால், அதற்கு மேலே அந்தத் துக்க முகம்.

பிறகு கூரை இடிகிற மாதிரி சிரிப்பு. "மாமோ! டான்ஸ் ஆடு மாமோ!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். விசில் பறந்தது. எல்லாப் போனும் அந்த டிரவுசரைத்தான் எடுத்தது. சிரிப்பு தணிகிற மாதிரி தெரிந்தபோது, பிள்ளைகளே, அந்த மனிதர் இடுப்பை இடமும் வலமும் ஒரு ஆட்டு ஆட்டினார். மறுபடி இடி.

மேடைக்கு ஓடிய நானும் டீச்சரும் வேட்டிக்குப் பின்னால் மீனுவை ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். யாரோ கையில் இரும்பு கொடுக்கச் சொன்னார்கள் என்று சேகரன் அந்தக் கார் சாவியோடு ஓடிவந்தார். "ஒண்ணும் வேண்டாம், தள்ளி நில்லுங்கோ," என்றார் டீச்சர். என் மடியில் மகளுடைய தலை. அவள் வாயில் நுரை. இரண்டு முழத்துக்கு அந்தப்பக்கம் ஊரே சிரிக்கிறது. அந்த மாதிரி நேரம் என் எதிரிக்கும் வேண்டாம்.

மெல்ல இழுப்பு நின்றது. மீனு கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, எல்லாரும் சிரிக்கறாங்களே. என்னைப் பார்த்தா?"

நான் அவள் வாயைத் துடைத்தேன். கர்ட்டன் மாமா திரும்பாமலே பதில் சொன்னார். வேட்டி இறங்கவில்லை.

"உன்னை ஆரு பார்த்தா மோளே? என்னைப் பார்த்தாக்கும் சிரிக்கறாங்க. நீ பதுக்கே, மெள்ள எழுந்திரு. எனக்கு ஒரு அவசரமும் இல்லை."

அந்த வீடியோ கொச்சி முழுக்கச் சுற்றிவிட்டது. அதற்குப் பாட்டுச் சேர்த்தவர்கள் உண்டு, படம் வரைந்தவர்கள் உண்டு. மாமாவைத் தெருவில் கண்டால் பையன்கள் இடுப்பை ஆட்டிக் காட்டுகிறார்கள். அவர் அதே முகத்தோடு கடந்து போகிறார். எத்தனை பேர் எனக்கு அனுப்பினார்கள்! பின்னால் ஒரு பெண்பிள்ளை விழுந்து கிடந்தாளே என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மாத்திரை வேண்டாமென்று அடம்பிடிக்கிற நாட்களில் மீனு அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் சிரித்து முடிக்கும்வரை நான் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நின்று, அந்த ஒல்லிக் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.