வெள்ளை எலும்புக்காரர்கள்

விடிவதற்கு முன்பே தர்கா முற்றத்தைப் பெருக்கி, முசுக்கட்டை மரத்தடியில் விழுந்து நசுங்கிய பழங்களை அள்ளிக் கொட்டி, தண்ணீரும் தெளித்துவிட்டு ஹுர்ஷிதா வீட்டுக்குள் போய்விடுவாள். மலைப்பாதையில் முதல் வண்டிச் சத்தம் கேட்டதும் அவளுடைய அத்தா ஸியாவுத்தீன் ஹோஜா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, அதே துடைப்பத்தை எடுத்து, பெருக்கிய இடத்தையே பெருக்கத் தொடங்குவார். இங்கே அடங்கியிருக்கும் நீலச்சட்டை அவுலியாவின் முற்றத்தில் அவருடைய வாரிசின் கைதான் துடைப்பம் பிடிக்கலாம். ஹுர்ஷிதாவின் கையும் வாரிசின் கைதானே என்று கேட்காதீர்கள். அது ஆள் வருவதற்கு முன்புள்ள கை.

இந்தப் பிராணிக்குப் பரம்பரைக் காவலர் என்று பெயர். அமுதார்யா ஆற்றுக்கு இந்தப் பக்கம் எந்த மலைமடிப்பில் ஓர் அவுலியா அடங்கியிருந்தாலும், அவர் காலடியில் எங்கள் கூட்டம் ஒன்று பச்சைத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும். பாட்டனார் பட்டினி கிடந்தார், பனியில் நின்றார், ஓநாயோடு பேசினார். நாங்கள் அவர் வம்சத்தில் பிறந்தோம். எங்கள் சாதனை அத்தோடு சரி. ஆனால் அதைச் சொல்லும் அழகைப் பார்க்க வேண்டும். பிள்ளை வரம் கேட்டு ஒருத்தி கையேந்தி நிற்பாள், ஹோஜா கண்ணை மூடி, தமக்கும் அவுலியாவுக்கும் நடுவில் வந்த தகப்பன்மார் பெயரையெல்லாம் ஒன்று விடாமல் ஓதி, அவள் கொண்டுவந்த ரொட்டியைப் பிட்டு, பாதியைத் திருப்பிக் கொடுத்து, எல்லாம் முடிந்தபின் கண்ணைத் திறந்து, "உனக்கு என்ன வேணும்னும்மா சொன்னே?" என்பார்.

எங்களுடைய எலும்பு வெள்ளை. மற்றவர்களுடையது கறுப்பு. யாரும் உடைத்துப் பார்த்ததில்லை. வெள்ளை எலும்பு வீட்டுப் பெண்ணைக் கறுப்பு எலும்புக்குக் கொடுப்பதில்லை என்பதால், ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கல்யாணம் கூடிவர துஆ செய்த ஹோஜாவின் வீட்டில் ஹுர்ஷிதாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. கீழூர்ப் பல் டாக்டர் எல்மூரத் அவளைக் கேட்கிறான். அவளுக்கும் அவன்மேல் விருப்பம். ஹோஜாவின் வாயில் மின்னும் தங்கப் பற்களெல்லாம் அவன் கட்டியவை. வாய்க்குள் கை விடலாம், வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. இந்த முறையும் இல்லையென்று சொன்னால் அவன் தாஷ்கண்ட் போய்விடுவான், இனி எந்த வரன் வந்தாலும் தான் தேநீர்கூட ஊற்றமாட்டேன் என்று அவள் தாயிடம் சொல்லியாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை எல்மூரத்தின் தாய் ரோஹத், துணியில் சுற்றிய ரொட்டியோடு வந்து ஹோஜா வீட்டு விருந்தறையில் உட்கார்ந்தாள். பையன் வீட்டார் கொண்டுவரும் ரொட்டியைப் பெண்ணின் தகப்பன் பிட்டால் பெண் கொடுத்தாயிற்று. பிடாவிட்டால் ரொட்டி முழுசாகத் திரும்பிப் போகும். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பேச்சில்லை. ஹோஜா அதைத் திருப்பி அனுப்ப நயமான வார்த்தைகளைக் காலையிலிருந்தே சேர்த்து வைத்திருந்தார்.

ரோஹத் துணியை அவிழ்த்தாள். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு, மலை ஏறி வந்ததில் முட்டி விட்டுப்போச்சு, ஹோஜா, என்று முனகினாள்.

எதிரே ஒரு பெண், நடுவில் ஒரு ரொட்டி, முட்டியில் ஒரு வலி. எங்கள் ஆளுக்கு வேறென்ன தெரியும்? கண் தானாக மூடிக்கொண்டது. தகப்பன்மார் வரிசையாக வந்தார்கள். துஆவும் வந்தது. கை ரொட்டியைப் பிட்டது. கண்ணைத் திறந்தபோது ரோஹத் ஒரு துண்டை மென்றுகொண்டிருந்தாள்.

"இது... தர்கா ரொட்டின்னு நெனச்சுட்டேன்," என்றார் ஹோஜா.

"அதனாலென்ன சம்பந்தி, துஆவும் சேர்ந்தே ஆயிடுச்சு."

எலும்பு, வம்சம், ஊர்ப் பேச்சு என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். ரோஹத் மென்று முடிக்கும்வரை கேட்டாள்.

"உங்க பாட்டனார் கால்ல செருப்பில்லாம இந்த மலைக்கு வந்தாரே, அவருக்குப் பொண்ணு குடுத்தது யாரு? ஆடு மேய்ச்ச எங்க ஆளுங்க. நீங்கதானே வர்றவங்ககிட்டெல்லாம் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சொல்றீங்க?"

ஆமாம், சொல்லுவோம். அது பாட்டனாரின் பணிவுக்குச் சாட்சி. அதற்கும் எங்கள் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் பாட்டனார் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் பெயரைச் சொல்லி நீங்கள் எந்தத் திண்டில் சாய்ந்திருக்கிறீர்கள் என்றும் தெரியாது. உங்கள் வீட்டில் வரன் பேச வந்தவரிடம், பையன் நல்லவனா என்பதற்கு முன்னால் எதை விசாரித்தீர்கள் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும்.

ஹுர்ஷிதா தேநீர்க் கெண்டியோடு உள்ளே வந்தாள். விரிப்பில் பிட்டுக் கிடந்த ரொட்டியைப் பார்த்தாள். ஹோஜா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. கை தவறிடுச்சுன்னு சொல்லிடலாம். சொல்லு, நாளைக்கு நான் பாட்டனார் முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவள் கெண்டியை ரோஹத்தின் பக்கம் வைத்தாள். பிட்ட ரொட்டியில் பெரிய பாதியை எடுத்து முக்காட்டு முனையில் பொதிந்துகொண்டு, அடுப்படியில் இருந்த தாயிடம் கொடுக்க அறையைவிட்டு வெளியே போனாள்.