திமிங்கலத்துக்கு முதுகு காட்டியவன்

தனியாக இருக்கிற கிழவனிடம் "பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவன் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என்னிடம் கேட்டது என் மகன் குணா. அவனுக்கு ஸ்ரீ கெம்பாங்கானில் அடுக்குமாடி வீடு. நான் கிள்ளான் பக்கம் மேருவில், மனைவி வள்ளியம்மா போன பிறகு, ஒற்றை ஆளாக. "இந்த வீட்ட வித்துட்டு அங்க வந்துருங்கப்பா" என்று வரும்போதெல்லாம் சொல்வான். எனக்கு ஒதுக்கியிருக்கும் அறையில் இஸ்திரி மேசை ஒன்றும், யாரும் ஓட்டாத உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றும் நிற்கின்றன. (அடுத்தது நான்.)

"எனக்கு இங்க கூட்டாளிங்க இருக்காங்கடா" என்றேன்.

"யாரு? ஒரு பேரு சொல்லுங்க பாப்போம்."

எனக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் செத்துப்போனவர்களுடையவை. சும்மா இருக்க வேண்டியதுதானே? "ஞாயித்துக்கெழம எல்லாரும் படகுல திமிங்கலம் பாக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டேன். முடிவெட்டும் கடையில் அந்த விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும், அதுவோ மலாய். படத்தை நான் பார்த்தேன், மிச்சத்தைக் கடைக்காரர் சொன்னார். கெத்தாம் தீவுக்கு அப்பால் ஒரு திமிங்கலம் வந்து போகிறதாம்.

குணா சிரிக்கவில்லை. "சரி. கூட்டாளிங்களோட ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. வீட்டப் பத்தி நான் அதுக்கப்பறம் பேசமாட்டேன்" என்றான்.

ஆக, எனக்குத் திமிங்கலம் தேவையில்லை. தோளோடு தோள் நிற்க நாலு பேர் போதும்.

ஞாயிறு காலை போர்ட் கிள்ளான் படகுத்துறைக்குப் போனால் எல்லாரும் ஜோடியாகவோ குடும்பமாகவோ நிற்கிறார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றால், வழி கேட்கிறேன் என்று நினைத்து விலகி வழி விட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா மட்டும் பேசினார்.

"யார் கூட வந்தீங்க அங்கிள்?"

"கூட்டாளிங்க வராங்க."

படகு கிளம்பும்வரை அவர் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் ஆயுசெல்லாம் லோரி ஓட்டியவன் நான். சரக்கு ஏற்றிக்கொண்டு ஈப்போ, பினாங்கு என்று போகும்போது, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் வண்டியை எடுத்ததே இல்லை. ஒரே ஒரு தடவை, தாப்பா பக்கம், மறந்துவிட்டு எடுத்தேன். ரெண்டு டயர் வெடித்தது. அத்தனை அன்னாசிப்பழமும் ரோட்டில். ஊர்க் குரங்குகளுக்கெல்லாம் அன்று கல்யாண விருந்து. (முதலாளி என்ன சொன்னார் என்பதை இங்கே சொல்ல முடியாது.)

அந்தப் பழக்கத்தில் பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருந்தேன். படகில் டயர் ஏது? அமுக்குகிற பொருள் என்று பார்த்தால் படகோட்டி ஒருவர்தான், நல்ல எடை. அவர் கயிற்றை அவிழ்க்கப் போன நேரத்தில், அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களுக்கு அடியில் பழங்களை வைத்தேன். மற்றதைக் காலடியில் பையோடு விட்டேன். அவர் வந்து உட்கார்ந்தார். ஒன்று நசுங்கியது. எனக்குப் பரம திருப்தி.

மற்றவை நசுங்கவில்லை.

நடுக்கடலில் படகு திரும்பியதும் நாற்காலி தானாகப் புறப்பட்டது. அவர் பிடிக்க ஏதும் கிடைக்காமல் என் சட்டையைப் பிடித்தார். இருவரும் பையின் மேல் விழுந்தோம். படகெங்கும் மஞ்சள் மஞ்சளாய் உருண்டது. அவர் எழுந்து எஞ்சினை அணைத்தார்.

"இது படகா லோரியா, பாச்சேக்? ஒரு பழம் மிச்சமில்லாமப் பொறுக்குங்க. அப்பறம்தான் எஞ்சின்" என்று மலாயில் சொன்னார். (பாச்சேக் என்றால் பெரியவர், மரியாதைதான்.)

முட்டி போட்டுப் பொறுக்கினேன். எஞ்சின் சத்தம் இல்லாமல் கடல் அமைதியாகக் கிடந்தது. கூடப் பொறுக்க யாரும் குனியவில்லை.

அப்போதுதான் எனக்குப் பின்னால் "புஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். லோரி ஏர் பிரேக் விட்ட மாதிரி. எத்தனை வருடப் பழக்கம்! எந்த லோரி வருகிறது என்று திரும்பாமல் முன்னால் பார்த்தேன், ஒதுங்குவதற்கு இடம் இருக்கிறதா என்று. எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். படகு ஆட, பழங்கள் இந்தப் பக்கம் வர, நான் பழங்களின் பின்னால் போனேன். கூட்டம் விலகி நான் பார்த்தபோது தண்ணீர் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. அழுகிய மீன் வாடை. நான் கண்ட திமிங்கலம் அந்த வாடைதான்.

"எஞ்சின் நின்னதாலதான் இவ்ளோ கிட்ட வந்துச்சு. உங்களாலதான் அங்கிள்" என்றார் பூக்கடை அம்மா. அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல், ஒரு கையில் வாந்திப் பையும் மறுகையில் போனுமாகக் கடைசி பெஞ்சிலேயே இருந்து படம் எடுத்திருந்தார். "நீங்களும் படத்துல விழுந்திருக்கீங்க, நல்லா இருக்குலா. உங்க வீட்டு குரூப்ல போட்டுரவா?"

என் கண்ணாடியில் உப்புத் தண்ணீர், படம் தெரியவில்லை. போனை நீட்டி, "போடும்மா" என்றேன்.

சாயங்காலமே குணா வந்துவிட்டான். லோரி என்று நினைத்து ஒதுங்கப் பார்த்ததைச் சொன்னதும் சோபாவில் விழுந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். படத்தில் வலது பக்கம் வரிசையாக முதுகுகள். அதற்கப்பால் கறுப்பாக இன்னொரு முதுகு, திமிங்கலத்துடையது. இடது பக்கம், எதிர்த்திசையில், நாலு காலில் நான். கையில் எலுமிச்சம்பழம்.

சிரித்து முடித்ததும் விரலால் படத்தைப் பெரிதாக்கினான்.

"இதுல உங்க கூட்டாளி யாருப்பா?"

ஒரு முதுகைக் காட்டினேன்.

"பேரு?"

நீலச் சட்டை என்பது மட்டும்தான் தெரியும். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். வெகுநேரம் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதைப் போடாமலே.

போகும்போது வாசலில் நின்று, "வீட்ட விக்கல. ஆனா டெய்லி யார் கூடயாவது பேசி, அவங்க பேர எனக்கு அனுப்பணும். வாய்ஸ் மெசேஜ் போதும்" என்றான்.

இப்போது எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் போட்டோவுக்கு நின்றால், "தாத்தா, திமிங்கலம் இந்தப் பக்கம்!" என்று பேரப்பிள்ளைகள் கத்துகின்றன. கேமராக்காரருக்கும் கதை சொல்லப்படுகிறது. நானோ மாலையானால் பெயர் பொறுக்கக் கிளம்புகிறேன். தே தாரிக் போடும் டீக்கடை பாஸ், பார்சல் கொண்டுவருகிறவர், பக்கத்து வீட்டுக்குக் குழாய் மாட்ட வந்தவர். பெயர் கேட்டால் முதலில் முறைக்கிறார்கள், பிறகு சொல்கிறார்கள்.

முந்தாநாள் விடாத மழை. யாரும் வரவில்லை, நானும் போகவில்லை. இருட்டியதும் போனை வாயருகே வைத்து, "மாணிக்கம்" என்றேன். இந்த வீட்டுக்குள் என் பெயரை யாரும் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் குணாவின் குரல் வந்தது.

"அவரத் தெரியும்பா. திமிங்கலம் வந்தப்ப லோரிக்கு வழி விட்டவரு."